துண்டுத்துணிப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வெட்டி மிஞ்சும் துணியை வீச மனம் வராமல் போர்வை தைக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கொடியில் காயும் போர்வையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவரவர் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, இது கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடுற மாதிரிதானே?

இல்லை. ஒட்டு என்பது ஒரு துணியின் ஓட்டையை இன்னொரு துணியால் மூடுவது. இதில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு புதுத் துணியையே உண்டாக்குகிறோம். அதுதான் மேல் அடுக்கு. நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடே தையல் ஓட்டினால் போர்வை. மேல் அடுக்கை மட்டும் தைத்து நிறுத்தினால் அது வெறும் விரிப்பு. உள்பக்கத் தையல் விளிம்பெல்லாம் பிசிறி, சில துவைப்பிலேயே நைந்துவிடும்.

நம்ம ஊரு வெக்கைக்குப் போர்வை எதுக்காக்கும்?

பாதிப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு ஆரம்பித்தால் செப்டம்பர் வரை இருக்கும், ஐப்பசியில் வடகிழக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் விடியற்காலை மின்விசிறிக்கு அடியில் ஒரு போர்வை வேண்டியிருக்கிறது. கம்பளி கனக்கும், வேர்க்கும். முழுக்கப் பருத்தியில் தைத்த மூன்றடுக்குப் போர்வை ஒற்றைக் கட்டில் அளவில் ஒன்றரைக் கிலோ அளவில்தான் வரும். மற்ற மாதங்களில் தரையில் சமுக்காளத்துக்குப் பதிலாக விரிக்கலாம். எங்கள் வீட்டில் ஊஞ்சலிலும் கிடக்கிறது.

தையல் கடையில கேட்டா வெட்டுத்துணி தருவாங்களா?

தருவார்கள். எப்போது கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரங்களிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதத்திலும் சாக்குச் சாக்காக மிஞ்சும், ஆனால் தையல்காரருக்கு நின்று பேச நேரம் இருக்காது. அதற்கு முன்பே ஒரு காலிச் சாக்கைக் கொடுத்து, “இதுல போட்டு வையுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். சீருடைத் துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கும். கல்யாண பிளவுஸ் துணியில் ஜரிகையும் சிந்தெடிக்கும் அதிகம். ஒரு சாக்கில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு உதவினால் அது நல்ல சாக்கு.

வீட்டுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. முட்டியில் நைந்த சாரம் (கைலி), கழுத்து கிழிந்த காட்டன் நைட்டி, காலர் போன சட்டை, தைக்காமல் பீரோவில் கிடக்கும் பிளவுஸ் பிட். வடசேரியிலோ இரணியலிலோ கைத்தறி நெய்கிற வீடுகளில் பழக்கம் இருந்தால், பழுதான துண்டு முண்டுகள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் துணி துவைக்கத் துவைக்க மெதுவாகும்.

எந்தத் துணி ஆகும், எது ஆகாது?

எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். நான் முதலில் குணத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். நிறம் பொருந்தாத போர்வை இருபது வருடம் இருக்கும். குணம் பொருந்தாத போர்வை இரண்டு வருடத்தில் தையல் ஓரமாகக் கிழியும். கெட்டித் துணியையும் மெல்லிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால், இழுபடும்போது வலி முழுவதும் மெல்லியதன் மேல்தான் விழும். நனைந்தால் பருத்தி கனமாகிச் சுருங்கும், பாலியெஸ்டர் அப்படியே நிற்கும். தையல் சுருக்கம் விழுந்து நிற்பது இதனால்தான்.

ஆகவே மூன்று குவியல் போடுங்கள். பாப்ளின், காட்டன் சட்டைத்துணி, சாரம், கைத்தறி வேட்டி எல்லாம் நடுத்தரம். போர்வைக்கு இதுதான் முதல் தரம். லைனிங், வாயில், மல் எல்லாம் மெல்லியது. இரண்டாக மடித்து நடுத்தரத்தோடு சேர்க்கலாம். ஜீன்ஸ், பேண்ட் துணி தடிமன். அதை அதனோடு மட்டும் சேர்த்து விரிப்பு தையுங்கள். பனியன் துணி இழுபடும், வேண்டாம். ஜரிகை உடம்பில் குத்தும், அதுவும் வேண்டாம்.

பருத்தியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணிபோலக் கெட்டியாகும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்குள் அந்தக் கெட்டி தட்டுப்படும். முடி கருகிய வாடை வந்தால் பட்டு.

அம்மாவோட பழைய சேலை இருக்கு. அது தாங்குமா?

வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இழை விலகி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இடத்தை விட்டுவிடுங்கள். மிச்ச இடத்தை இரண்டு கையாலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் அது மேல் அடுக்குக்கு ஆகாது, நடு அடுக்கில் போடலாம். சேலையில் காலில் உரசும் கீழ்க்கரையும் உட்காரும் இடமும் முதலில் போகும். இடுப்பில் செருகும் பகுதியும் கொசுவத்தின் உள்மடிப்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். சட்டையில் முதுகுப்புறம் நல்லது. கக்கமும் காலரும் கழிவு.

இறந்துபோனவர்களின் துணியைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதில் முதல் வெட்டு நான் போடுவதில்லை, அவர்களையே வெட்டச் சொல்வேன். கை நடுங்கினால் இன்னொரு நாள் வரச் சொல்வேன். அவசரம் ஒன்றும் இல்லை.

புதுத் துணிதானே, துவைக்காம வெட்டினா என்ன?

நான் தைத்த முதல் போர்வையை வெள்ளை இரட்டை முண்டிலும் (வேட்டி) சிவப்பு லைனிங் துண்டிலும் மாற்றி மாற்றித் தைத்தேன். சிவப்பு கெட்டிச் சாயம் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். முதல் துவைப்பில் வெள்ளை எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. இரண்டு மாத வேலை. அதற்குப் பிறகு துவைக்காத துணியில் கத்தரி வைப்பதில்லை.

சிவப்பு, கருநீலம், மெரூன், கறுப்பு இவற்றைத் தனித்தனியாக ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். கறை பிடிக்காமல் வரும்வரை அலசுங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணியைக் கால்மிதிக்கு ஒதுக்குங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடைத்துணியின் சாயத்துக்கு அது பலிக்காது. சாயம் ஒருபுறம் இருக்கட்டும், பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். அந்தச் சுருக்கம் வெட்டுவதற்கு முன்பே நடந்து முடிய வேண்டும்.

ஒரு போர்வைக்கு எத்தனை துண்டு வேணும்? கணக்காச் சொல்லுங்க.

ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 இஞ்சு என்று வைத்துக்கொள்வோம். தைத்த பிறகு 5 இஞ்சு கட்டமாக வர வேண்டுமானால் வெட்டும்போது ஐந்தரை இஞ்சு வெட்ட வேண்டும், நாலு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குள் போய்விடும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18. மொத்தம் 216 துண்டு. கேட்டதும் முகம் மாறிவிடும், எனக்குத் தெரியும். முதல் தடவை 30க்கு 40 இஞ்சில் 48 துண்டு போதும்.

துணிமேல் வைத்து அளவாக வெட்டும் அச்சுக்கு நான் வைத்திருப்பது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அட்டையைப் போல ஓரம் மழுங்காது. ஊடே துணி தெரிவதால் பூவோ மயிலோ கட்டத்துக்கு நடுவில் வருகிறதா என்று பார்த்து வெட்டலாம். அச்சின் ஓரம் துணியின் பாவு இழைக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைக்கு, நேராக இருக்கட்டும்.

எனக்குக் கிடைச்சதெல்லாம் விரல் அகலப் பட்டியும் கழுத்து வெட்டின அரைவட்டமுமா இருக்கு. அதுல எப்படி ஐந்தரை இஞ்சு வெட்ட?

வெட்ட முடியாது, அதனால் கட்டத்தை நாமே கட்ட வேண்டும். ஐந்தரை இஞ்சைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு அடித்துணி எடுங்கள். மேலடுக்குக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய சேலை இதற்கு நல்லது. நடுவில் மூலைக்கு மூலை ஒரு பட்டியை நேர்ப்பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன்மேல் அடுத்த பட்டியை நேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஓரம் சேர்த்துத் தைத்து, மேல்பட்டியை வெளிப்பக்கம் திருப்பி விரித்து, நகத்தால் நீவிவிடுங்கள். இப்படியே இருபுறமும் மூலைவரை போனதும் திருப்பிப் போட்டு அச்சை வைத்து வெட்டினால் ஐந்தரை இஞ்சுக் கட்டம் தயார். முக்கால் இஞ்சுப் பட்டிகூட வீணாகாது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், ஏனென்றால் எந்தக் கட்டமும் இன்னொன்றைப்போல வராது.

கிராஸாக (இழைக்குக் குறுக்கே மூலைவாக்கில்) வெட்டிய துண்டு கையில் எடுத்தாலே நீளும். அடித்துணியில் வைத்துத் தைக்கும்போது அடித்துணி அதைப் பிடித்துக்கொள்ளும். அரைவட்டத் துண்டில் உள்ளே அடங்கும் பெரிய பட்டியை வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் தலையணைக்குள் திணிக்க வைத்துவிடுங்கள்.

கால் இஞ்சு கால் இஞ்சுன்னு ஏன் இப்படிப் பாடாப் படுத்துறீங்க?

அளவுக் கணக்கில் நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாகத் தையலுக்குள் போனால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தையலுக்கு ஒரு நூல். 12 துண்டு உள்ள வரிசையில் 11 தையல். 8 நூல் ஒரு இஞ்சு என்பதால் அந்த வரிசை 1 இஞ்சு 3 நூல் குறைந்துவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? மிஷின் தட்டில், ஊசி குத்தும் இடத்திலிருந்து கால் இஞ்சு தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, துணி ஓரத்தை அதை உரசியே ஓட்டுங்கள். கால் இஞ்சா, காலே அரைக்காலா (மூன்று நூல்) என்பதைவிட முதல் துண்டு முதல் கடைசித் துண்டுவரை ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம்.

மிஷின் இல்ல. கையால தைச்சா நிக்குமா?

நிற்கும். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி வெறும் ஓட்டத் தையலில் தைக்கும் காந்தாவும், வடகர்நாடகத்தின் கவுதியும் கையால் தைத்தவைதான். முப்பது நாற்பது வருடம் கிடக்கிற போர்வைகள் அவை. இரட்டை நூலை முழங்கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கும். துண்டுகளை இணைக்கும்போது இஞ்சுக்கு எட்டுத் தையலாவது விழ வேண்டும். நாலைந்து தையலுக்கு ஒரு முறை பின்தையல் போடுங்கள். மூன்றடுக்கையும் சேர்க்கும் தையல் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க பழக்கம்தானே, நமக்கு எதுக்கு?

காந்தாவையும் கவுதியையும் இப்போதுதான் சொன்னேன். அமெரிக்காவிலும் இது வசதி உள்ளவர்கள் வேலையாக மட்டும் இருந்ததில்லை. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்து நைந்த துணியில் குளிருக்குத் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி வைத்தார்கள். 2006இல் அவை அஞ்சல் தலையாகவும் வந்தன.

நம் மாவட்டத்துப் பெண்களின் கைக்கு ஊசி புதிதல்ல. 1820களிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டரும் உடன் வந்தவர்களும் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக உழைத்தார்கள். முளகுமூட்டு லேஸ் பெயர் பெற்றது. யாருக்கோ அனுப்பப் பின்னிய கைகள் நம்முடையவை. அதே கை நம் கட்டிலுக்கும் ஒன்று தைக்கட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

எப்படி வச்சாலும் நிறம் சேரலையே?

சேராதது நிறமல்ல, வெளுப்பும் அழுத்தமும். எல்லாத் துண்டையும் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்தது ஒரே மூலையில் குவிந்திருந்தால் அங்கேதான் கண் போய் நிற்கும். அவற்றைக் கலைத்துவிடுங்கள். அப்போதும் திருப்தி வராவிட்டால், கட்டங்களுக்கு நடுவே ஒரே நிறத்தில் பட்டி ஓடவிடுங்கள். பழைய முண்டின் வெள்ளைப் பட்டி எந்தக் கூட்டத்தையும் அடக்கிவிடும்.

நடுவுல என்ன வைக்கணும்? வீட்டுல இலவம்பஞ்சு இருக்கு.

இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்கு வேண்டாம். அதன் இழை வழுக்கும். தையலுக்குள் பிடித்து நிற்காமல் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும், துவைத்தால் கட்டியாகும், ஊசித் துளை வழியே வெளியே வரும். சோபா தைக்கும் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் துவைக்க எளிது, ஆனால் நமக்கு வேர்க்கும்.

நான் வைப்பது ஒரு பழைய காட்டன் சேலை. ஐந்தரை மீட்டர் சேலையில் 94 இஞ்சு நீளத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 60க்கு 90 போர்வைக்குத் தாராளம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்காமல், கரையோடு கரை முட்டவைத்துக் கையால் தளர்வாக இணையுங்கள். ஏற்றித் தைத்தால் முதுகில் ஒரு வரம்பு உறுத்தும். அடி அடுக்குக்கும் இதே கணக்குதான், ஆனால் அதற்கு இழை கெட்டியான சேலை வேண்டும், இணைப்பும் மடித்துத் தைத்த தையலாக இருக்க வேண்டும்.

மூணையும் சேர்த்துத் தைச்சா அடியில மடிஞ்சு மடிஞ்சு நிக்குது, பிரிச்சுப் பிரிச்சு அலுத்துப்போச்சு.

நூலோட்டம் (மூன்றடுக்கும் நகராமல் பிடிக்கும் தற்காலிகத் தையல்) போடாமல் மிஷினுக்குப் போயிருப்பீர்கள். அடித்துணியை நாலு பக்கமும் இரண்டு இஞ்சு பெரிதாக வெட்டி, உட்பக்கம் மேலே தெரியத் தரையில் விரித்து, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கட்டும், இழுபடக் கூடாது. நடு அடுக்கை வைத்துக் கையால் நீவுங்கள், பிறகு மேல் அடுக்கு. நடுவிலிருந்து நாலு பக்கமும் பெரிய பெரிய நூலோட்டம், ஒரு சாண் இடைவெளியில். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். எனக்கு எங்கள் மைனிதான் (அண்ணி) துணை.

நிரந்தரத் தையலையும் நடுவிலிருந்தே தொடங்கி வெளியே போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிஞ்சிய துணி எல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். தையலுக்குத் தையல் நாலு விரல் இடைவெளி போதும். மிஷினில் தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். துண்டு சேர்த்த தையலின் மேலேயே ஓட்டினால் கோணல் தெரியாது.

ஓரத்தை எப்படி முடிக்க?

இரண்டரை இஞ்சு அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பக்கம் வைத்துத் தைத்து, அடிப்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்வது (மடித்த ஓரத்தைச் சின்னத் தையலில் பிடிப்பது) என் வழக்கம். 60க்கு 90 போர்வையின் சுற்றளவு 300 இஞ்சு, மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 312 வைத்துக்கொள்ளுங்கள். 44 இஞ்சு அகலத் துணியில் எட்டுப் பட்டி, அரை மீட்டருக்குச் சற்றுக் கூட. ஓரம்தான் முதலில் தேயும் என்பதால் இதற்கு மட்டும் பழந்துணி வேண்டாம்.

மழையில காயாம மணம் பிடிச்சு, கறுப்புப் புள்ளியும் விழுந்துட்டு. போகுமா?

மணம் போகும், கறுப்புப் புள்ளி முழுதாகப் போவது கஷ்டம். அது பூஞ்சை. கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் தொல்லை, உப்புக்காற்று பட்ட துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புள்ளி விழுந்த உடனே சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் புள்ளியோடு நிறமும் போகும்.

மழை மாதங்களில் முழுத் துவைப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். மாசியிலும் பங்குனியிலும் துவைத்து நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அந்தக் காற்றில் அரைநாளில் காய்ந்துவிடும். உலர்த்தும்போது ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட வேண்டாம், நனைந்த கனம் தையலை இழுக்கும். இரண்டு கயிற்றில் பரத்திப் போடுங்கள்.

பிறந்த பிள்ளைக்குத் தைச்சுக் குடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது முடியும்வரை தூங்கும் பிள்ளைமேல் போர்த்தவும் வேண்டாம், தொட்டிலுக்குள் போடவும் வேண்டாம். முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும், தள்ளிவிட அதற்குத் தெரியாது. விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்து தரையில் விரித்துக் கவிழ்த்துப் போட்டு விளையாட நல்லது. பட்டன், மணி, சமிக்கி எதுவும் வைக்காதீர்கள்.

தைச்சு வித்தா எவ்வளவு கேட்கலாம்? துணி சும்மா கிடைச்சதுதானேன்னு குறைச்சுக் கேக்காங்க.

துணி சும்மா கிடைத்திருக்கலாம், நாள் சும்மா கிடைக்கவில்லை. துவைத்தது, பிரித்தது, வெட்டியது, தைத்தது எல்லாவற்றையும் மணிக்கணக்கில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கு 60க்கு 90 ஒன்று மிஷினில் தைத்தாலே நாற்பது மணி நேரத்துக்குக் குறைவாக ஆனதில்லை. உங்கள் ஊரில் ஒரு நாள் தையல் கூலி என்னவோ, அதை எட்டால் வகுத்து ஒரு மணிக் கூலியை எடுத்து, ஆன மணி நேரத்தால் பெருக்குங்கள். நூலும் ஓரத்துணியும் சேருங்கள். அதற்குக் கீழே கேட்கிறவர்களிடம் விற்க வேண்டாம். அவர்களுக்கு ஒரு பை தைத்துக் கொடுக்கலாம். குறைத்துக் கொடுத்தால் அடுத்த தெருவில் தைக்கிறவளின் கூலியும் சேர்ந்துதான் குறைகிறது.

எல்லாம் நல்லா இருக்கு, ஒரே ஒரு கட்டம் மட்டும் கிழிஞ்சுபோச்சு. முழுசாப் பிரிக்கணுமா?

வேண்டாம். அந்தக் கட்டம் பக்கத்துக் கட்டங்களைவிட மெல்லியதா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் குவியல் மாறி வந்த துண்டாகத்தான் இருக்கும். கிழிந்ததை எடுக்காமல், ஐந்தரை இஞ்சுக்கு ஒரு நடுத்தரத் துண்டை, துவைத்ததாகப் பார்த்து, வெட்டுங்கள். நாலு ஓரமும் கால் இஞ்சு உள்ளே மடித்து இஸ்திரி போட்டால் சரியாக ஐந்து இஞ்சு, கட்டத்தை மூடி உட்காரும். நூல் வெளியே தெரியாத மறைதையலில் சுற்றித் தைத்து, நடுவில் பழைய தையல் போன வழியிலேயே மூன்றடுக்கும் பிடிக்க ஓட்டத் தையல் போடுங்கள். துண்டைத் தேடும்போது பழைய நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து அலைய வேண்டாம். என் மூத்த போர்வையில் இப்படி ஒன்பது கட்டம் மாறியிருக்கிறது, எது முதலில் இருந்தது என்று இப்போது எனக்கே தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.